முதல் டெலி பிரைம் வாங்குகிறவர்களுக்கு: தேர்ட் பார்ட்டி லென்ஸ்களில் எதை எடுப்பது, எப்படிப் பழகுவது

கேமராவோடு வந்த கிட் ஜூம் போதவில்லை, பின்னணி கரைந்துபோன உருவப்படம் எடுக்க வேண்டும், மங்கிய வெளிச்சத்திலும் தள்ளி நின்று ஆட்டமில்லாமல் எடுக்க வேண்டும் என்று தோன்ற ஆரம்பித்ததும் பெரும்பாலானோர் 85, 105, 135 என்ற குவியத் தூர எண்களைத் (மி.மீ.-ல்) தேடத் தொடங்குவார்கள்; ஜூம் ஆகாமல் ஒரே குவியத் தூரத்தில் நின்று தூரத்தை அருகில் காட்டும் இந்த லென்ஸ்கள்தான் டெலி பிரைம். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் என்ன விலை என்று பார்த்ததும், தேடல் தானாகவே சிக்மா, சாம்யாங், வில்ட்ராக்ஸ் போன்ற வெளிக் கம்பெனிகள் (தேர்ட் பார்ட்டி) பக்கம் திரும்பிவிடும்.

அங்கே போனால் தலை சுற்றும். 85 மி.மீ. என்ற ஒரே எண்ணில் எஃப்1.4, எஃப்1.8, எஃப்2, மேனுவல், ஆட்டோ ஃபோகஸ், முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று வரிசையாக நிற்கும். ரிவ்யூக்களைக் கேட்டால் எல்லாமே 'செம ஷார்ப்'. அது பொய்யும் இல்லை. கடந்த சில வருடங்களில் வந்த டெலி பிரைம்களில் ஷார்ப்பாக இல்லாத ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனாலேயே ஷார்ப்னஸை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை என்பேன். உங்கள் கேமராவில் எது முழுதாக வேலை செய்யும், உங்களுக்கு நிற்க எவ்வளவு இடம் இருக்கிறது, லென்ஸில் ஒளி நுழையும் துளை எவ்வளவு பெரிதாக வேண்டும் (எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) என்ற மூன்றையும் இதே வரிசையில் முடிவு செய்யுங்கள். பட்டியல் இரண்டு மூன்று லென்ஸாகச் சுருங்கிவிடும்.

1. முதலில் மவுன்ட்

லென்ஸைக் கேமராவில் மாட்டும் இணைப்புதான் மவுன்ட். சோனி இ மவுன்ட் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. சோனி 2011-லேயே அந்த மவுன்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற கம்பெனிகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுத்துவிட்டது. சிக்மா, டாம்ரான், சாம்யாங், வில்ட்ராக்ஸ், ஃபோக்ட்லாண்டர் என்று யார் புதிதாக லென்ஸ் போட்டாலும் பெரும்பாலும் இந்த மவுன்ட்டில் அது இருக்கும். ஆனால் மூன்று இடத்தில் கை கட்டப்பட்டிருக்கிறது, வாங்கும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஏ1, ஏ9 போன்ற வேகமான கேமராக்களில் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே எடுத்தால் தேர்ட் பார்ட்டி லென்ஸுக்கு நொடிக்கு 15 படங்கள்தான் உச்சம். சோனியின் டெலிகன்வர்ட்டர் (குவியத் தூரத்தைக் கூட்டும் துணைக் கண்ணாடி) இந்த லென்ஸ்களில் மாட்டாது. வீடியோவில் ஃபோகஸ் மாறும்போது காட்சி விரிந்து சுருங்குவதைச் சரிசெய்யும் வசதியும் சோனி லென்ஸுக்கு மட்டும்தான். உருவப்படம் எடுப்பவருக்கு இந்த மூன்றும் ஒரு பொருட்டே இல்லை. பறவைகளோ விளையாட்டோ எடுப்பவருக்கு முதல் இரண்டும் பெரிய விஷயம்.

எல் மவுன்ட்டில் கதையே வேறு. லைக்கா, பானாசோனிக், சிக்மா மூன்றும் 2018-ல் சேர்ந்து அமைத்த கூட்டணி அது, அதனால் அங்கே சிக்மாவைத் தேர்ட் பார்ட்டி என்று சொல்வதே சரியில்லை. அதன் 500 மி.மீ. எஃப்5.6 லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள்: எல் மவுன்ட் பதிப்பில் சிக்மாவின் சொந்த டெலிகன்வர்ட்டர் வேலை செய்யும், அதே லென்ஸின் சோனி பதிப்பில் செய்யாது.

ஃபூஜி எக்ஸ் மவுன்ட்டில் நல்ல தேர்வுகள் உண்டு. சிக்மா 56 எஃப்1.4, வில்ட்ராக்ஸ் 75 எஃப்1.2 இரண்டையும் கட்டாயம் பாருங்கள். நிக்கான் இசட்டில் சிக்மாவின் ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) லென்ஸ்கள் 2023-ல் வந்தன, ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) பக்கம் வில்ட்ராக்ஸ் 85, 135 எல்லாம் இருக்கின்றன.

கேனான் ஆர்எஃப்தான் சிக்கல். 2018-ல் வந்த இந்த மவுன்ட்டைக் கேனான் நீண்ட நாள் இறுக்கமாகவே வைத்திருந்தது. வில்ட்ராக்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஆட்டோ ஃபோகஸ் ஆர்எஃப் லென்ஸ்கள் 2022-ல் நின்றுபோயின. 2024-ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கிடைத்தது, அதுவும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு. அதனால் கேனான் ஏபிஎஸ்-சி கேமரா என்றால் சிக்மா 56 எஃப்1.4-ஐ நேராக வாங்கலாம். ஃபுல் ஃபிரேம் என்றால் நான் சொல்வது பழைய வழி: டிஎஸ்எல்ஆர் காலத்துச் சிக்மா ஆர்ட் வரிசையில் 85 எஃப்1.4, 105 எஃப்1.4, 135 எஃப்1.8 ஆகியவை கேனானின் பழைய டிஎஸ்எல்ஆர் மவுன்ட்டான இஎஃப்பில் கிடைக்கும். அவற்றைக் கேனானின் சொந்த இஎஃப் அடாப்டரில் மாட்டினால் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உட்பட நன்றாகவே ஓடும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவருக்கு இது நஷ்டமே இல்லை. எடை மட்டும் கூடும்.

மவுன்ட் கம்பெனியின் உரிமத்தோடு வந்த லென்ஸா, தாமாகவே ஆராய்ந்து மின்தொடர்பைக் கண்டுபிடித்துச் செய்ததா என்பதையும் பாருங்கள். இரண்டாம் வகை லென்ஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். கேமராவுக்குப் புது ஃபர்ம்வேர் (உள்ளே இயங்கும் மென்பொருள்) போட்ட மறுநாள் ஃபோகஸ் தடுமாறலாம். முக்கியமான வேலைக்கு முந்தைய நாள் கேமரா ஃபர்ம்வேரைப் புதுப்பிக்காமல் இருந்தாலே இதில் பாதித் தலைவலி போய்விடும். லென்ஸுக்கு எப்படிப் புதுப்பிப்பது என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். வில்ட்ராக்ஸ் லென்ஸ்களில் மவுன்ட் பக்கமாகவே யூஎஸ்பி-சி துளை இருக்கும், சிக்மாவின் சோனி பதிப்புகளைக் கேமராவில் மாட்டியபடியே கம்ப்யூட்டரில் இணைத்துப் புதுப்பிக்கலாம், சில லென்ஸ்களுக்குக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் டாக் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

2. நிற்க இடம் இருக்கிறதா

இதை யாரும் கணக்கு போடுவதில்லை, ஆனால் வாங்கிய லென்ஸ் அலமாரியிலேயே தூங்குவதற்கு இதுதான் முதல் காரணம். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் கொஞ்சம் இடம் விட்டு ஒருவரை முழு உருவமாக எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ.க்குச் சுமார் நாலே முக்கால் மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 135-க்கு ஏழரை மீட்டர். 200-க்குப் பதினொரு மீட்டர். மார்பளவுப் படம் என்றால் 85-க்கு ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், 135-க்கு இரண்டரை மீட்டருக்கு மேல்.

உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரும் ஆளுக்குப் பின்னால் சுவரும் இருக்கும் அறைக்குள் இந்தத் தூரங்களை ஒருமுறை நடந்து பாருங்கள். பெரும்பாலான அறைகளில் 135-ஐ வைத்து முகம் மட்டும்தான் எடுக்க முடியும். வெளியில் எடுப்பவருக்கும், மேடையைத் தூரத்திலிருந்து எடுப்பவருக்கும்தான் அது சொர்க்கம். ஏபிஎஸ்-சி கேமராவில் 56 மி.மீ., ஃபுல் ஃபிரேமின் 85 மாதிரியும் 75 மி.மீ., 112 மாதிரியும் பார்க்கும் என்பதால் அதே கணக்கை அப்படியே மாற்றிக்கொள்ளலாம். இன்னும் சிறிய சென்சாரான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 56 என்பதே 112 ஆகிவிடும்.

ஜூம் ஏற்கெனவே இருந்தால் இதைவிட எளிய வழி உண்டு. ஜூமை 85-லோ 135-லோ வைத்து, வளையத்தை ஒரு டேப்பால் ஒட்டிவிட்டு, ஒரு வாரம் அதை மட்டும் பயன்படுத்துங்கள். எந்த எண் உங்கள் கைக்குச் சரிவரும் என்று எந்த ரிவ்யூவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

3. துளையின் விட்டத்தைக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எஃப் எண் ஒரு விகிதம்தான். குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால், லென்ஸை முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டம் கிடைக்கும். 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் சுமார் 61 மி.மீ. 135-ஐ 1.8-ஆல் வகுத்தால் 75. 105 எஃப்1.4-க்கும் 75-தான். 56 எஃப்1.4-க்கு 40, வில்ட்ராக்ஸ் 75 எஃப்1.2-க்கு 62.5, சிக்மா 200 எஃப்2-க்கு 100.

இந்த எண் எதற்கு? ஆளுக்குப் பின்னால் மிகத் தொலைவில் ஒரு சிறு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். ஆள் மேல் ஃபோகஸ் செய்தால் அந்த விளக்குப்புள்ளி ஒரு வட்டமாக விரியும். அந்த வட்டத்தை ஆளின் முகத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதாக நினைத்து அளந்தால், அதன் விட்டம் துளையின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும். 85 எஃப்1.4 என்றால் 6 செ.மீ. வட்டம், கிட்டத்தட்ட ஒருவருடைய இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம். 56 எஃப்1.4 என்றால் 4 செ.மீ. 200 எஃப்2 என்றால் 10 செ.மீ., அதாவது பாதி முகத்தை மறைக்கும் அளவு வட்டங்கள். நீங்கள் எவ்வளவு தள்ளி நின்றாலும், சென்சார் பெரிதோ சிறிதோ, இந்தக் கணக்கு மாறாது. ஏபிஎஸ்-சி, ஃபுல் ஃபிரேம் சண்டையில் யார் சொல்வது சரி என்று குழம்புபவர்கள் இந்த ஒரு எண்ணை வைத்து ஒப்பிட்டால் போதும்: வில்ட்ராக்ஸ் 75 எஃப்1.2-ஐ மாட்டிய ஏபிஎஸ்-சி கேமரா தூரத்துப் பின்னணியைக் கரைப்பதில் ஃபுல் ஃபிரேமின் 85 எஃப்1.4-க்குச் சளைத்ததில்லை.

தூரத்துப் பின்னணி என்று சொன்னதைக் கவனியுங்கள். பின்னணி பக்கத்தில் இருந்தால் விடை தலைகீழாகும். சற்றுத் தள்ளி எடுக்கும் ஒரே மார்பளவுப் படத்தை 85 எஃப்1.4-ல் 2 மீட்டரிலிருந்தும், 135 எஃப்1.8-ல் அதே சட்டகம் வரும்படி 3.2 மீட்டரிலிருந்தும் எடுக்கிறோம். ஆளுக்கு அரை மீட்டர் பின்னால் ஒரு செடி இருந்தால் 85 அதை 12 மி.மீ. அளவுக்கு மங்கலாக்கும், 135 வெறும் 10 மி.மீ.தான். பின்னணி 3 மீட்டர் தள்ளிப் போகும்போது இரண்டும் சமம். அதற்கு அப்பால்தான் 135 முந்துகிறது. அறைக்குள் எடுப்பவருக்கு 85 எஃப்1.4 போதும், திறந்த வெளியில் எடுப்பவருக்கு 135 எஃப்1.8 என்று பலர் அனுபவத்தில் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். அப்புறம் இன்னொன்று: இதே நிலையில் ஃபோகஸில் இருக்கும் ஆழம் 85-க்குச் சுமார் நாலரை செ.மீ., 135-க்கு 6 செ.மீ. பின்னணியை அதிகம் கரைக்கும் லென்ஸ், முகத்தை அதிகம் ஃபோகஸில் வைத்திருக்கிறது. முதல் தடவை கேட்கும்போது நம்ப முடியாது, எடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஏற்கெனவே 70-200 எஃப்2.8 வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. 135 எஃப்1.8-ன் 75-க்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஜூமை 200-க்கு நீட்டிப் பின்னால் நகர்ந்தால் தூரத்துப் பின்னணி ஏறக்குறைய அதே மாதிரிதான் கரையும். அப்படியென்றால் 135 எதற்கு? வெளிச்சத்துக்கு. படம் எவ்வளவு பிரகாசமாகப் பதியும் என்பதைத் துளையின் விட்டம் தீர்மானிப்பதில்லை, எஃப் எண்தான் தீர்மானிக்கிறது. எஃப்2.8-ஐவிட எஃப்1.8-ல் சுமார் 2.4 மடங்கு வெளிச்சம் சென்சாரில் விழும். ஜூமில் 1/200 வைத்த இடத்தில் அதே ஐஎஸ்ஓவில் 1/500 வைக்கலாம். இருண்ட மேடையில் ஆடுபவரின் கை தெளிவாக வருவதும் இழுபட்டு வருவதும் இந்த வித்தியாசத்தில்தான். வெறும் பின்னணி பிளருக்காக மட்டும் என்றால் ஜூம் இருப்பவர் 135-ஐ விட்டுவிட்டு 85 எஃப்1.4 வாங்குவது நல்லது.

4. அந்தத் துளையைச் சுமக்கத் தயாரா

முன் கண்ணாடி துளையைவிடச் சிறிதாக இருக்க முடியாது. அதனால் துளை பெரிதானால் கண்ணாடி, எடை, ஃபில்டர் மூன்றும் பெரிதாகும்; எந்தக் கம்பெனியாலும் இதை ஏமாற்ற முடியாது. 85 எஃப்1.4-க்குப் பெரும்பாலும் 77 மி.மீ. ஃபில்டர், 135 எஃப்1.8-க்கு 82, சிக்மாவின் 105 எஃப்1.4-க்கும் 2025-ல் வந்த 135 எஃப்1.4-க்கும் 105 மி.மீ. இந்தக் கடைசி இரண்டையும் வாங்கினால் பழைய ஃபில்டர் ஒன்றுகூட உதவாது.

ஆனால் ஒரே துளைக்குள்ளும் எடை நிறைய மாறும். சிக்மாவின் பழைய டிஎஸ்எல்ஆர் 85 எஃப்1.4 ஆர்ட் 1,130 கிராம், உள்ளே மிரர் இல்லாத இன்றைய கேமராக்களுக்காகவே (மிரர்லெஸ்) 2020-ல் செய்த 85 எஃப்1.4 டிஜி டிஎன் 630 கிராம். பாதியைவிடச் சற்றே அதிகம். எடையைக் குறைப்பதற்காகச் சிக்மா நேர்கோடுகள் உள்பக்கம் வளையும் குறைபாட்டை லென்ஸிலேயே சரிசெய்யாமல் மென்பொருளிடம் விட்டிருக்கிறது. கேமராவிலோ எடிட்டிங்கிலோ லென்ஸ் புரொஃபைல் ஆன் ஆகியிருந்தால் இது கண்ணில் படாது. ஆஃப் ஆகியிருந்தால் கட்டடத்தின் தூண்கள் இடுப்பு ஒடுங்கி நிற்கும். எனக்கு இது நியாயமான பேரமாகவே படுகிறது.

135 எஃப்1.8-ல் சாம்யாங் 772 கிராம், வில்ட்ராக்ஸ் லேப் வரிசை ஒரு கிலோவைத் தாண்டி 200 கிராமுக்கும் மேல். இரண்டாவதன் மோட்டார் வேகமானது, உடல் கெட்டியானது, மேலே ஒரு சிறு திரைகூட உண்டு. அரை நாள் கழுத்தில் தொங்கவிட்டு நடப்பவராக இருந்தால் சாம்யாங்கைத்தான் எடுக்கச் சொல்வேன். ஒரு இடத்தில் நின்று எடுப்பவர் வில்ட்ராக்ஸை எடுக்கலாம். பயணத்துக்கு மட்டும் என்றால் பெரிய துளையை மறந்துவிட்டுச் சாம்யாங் 75 எஃப்1.8 (230 கிராம்), சிக்மா 90 எஃப்2.8 (295 கிராம்) இரண்டையும் கையில் பிடித்துப் பாருங்கள். பையில் இருக்கிறதா என்று சந்தேகம் வரும் அளவுக்குச் சிறியவை.

5. எந்தத் தலைமுறை, எந்த மோட்டார்

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இது. சிக்மா லென்ஸின் பெயரில் எச்எஸ்எம் என்று இருந்தால் அது டிஎஸ்எல்ஆருக்காகச் செய்தது. அதே லென்ஸைப் பின்னால் ஒரு குழாயை நீட்டிச் சோனி, எல் மவுன்ட்டுகளுக்கும் விற்றார்கள். பார்த்தாலே மவுன்ட் பக்கம் வெறும் குழாய் தெரியும். 2017-ல் வந்த 135 எஃப்1.8 ஆர்ட் அப்படிப்பட்டது. கண்ணாடி இன்றைக்கும் அருமை, அசையாத ஆளை எடுக்கக் குறையே இல்லை. வீடியோவில் மோட்டார் சத்தம் பதிவாகும், ஃபோகஸ் வழுக்கிக்கொண்டு போகாமல் தட்டுத் தட்டாக நகரும். டிஎன் என்று இருந்தால் மிரர்லெஸ்ஸுக்காகவே வடிவமைத்தது என்று பொருள். மிகச் சமீபத்திய சிலவற்றில் அந்த எழுத்தும் இல்லை, ஆகவே வெளியான வருடத்தையும் பாருங்கள்.

லீனியர் மோட்டார் அல்லது வாய்ஸ் காயில் மோட்டார் உள்ள லென்ஸைக் கேமராவில் மாட்டாமல் ஆட்டினால் உள்ளே ஏதோ உருள்வதுபோல 'கடகட' என்று கேட்கும். உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது ஃபோகஸ் செய்யும் கண்ணாடித் தொகுதியை எதுவும் பிடித்து வைப்பதில்லை, அவ்வளவுதான். கேமராவை ஆன் செய்ததும் சத்தம் நின்றுவிடும். நிற்காவிட்டால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மேனுவல் லென்ஸ்களை முதல் டெலியாக வாங்கப் பொதுவாக நான் சொல்வதில்லை. எஃப்1.4-ல் மூச்சு விடும் ஆளின் கண்ணைக் கையால் ஃபோகஸ் செய்வது பயிற்சி உள்ளவர்களையே சோதிக்கும். ஒரே விதிவிலக்கு சாம்யாங் 135 எஃப்2. வானத்தை எடுப்பவர்கள் மத்தியில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு, துளையை முழுதாகத் திறந்தாலும் நட்சத்திரங்கள் மூலை வரை புள்ளிகளாகவே இருக்கும். நட்சத்திரங்கள் ஓடாது என்பதால் ஆட்டோ ஃபோகஸ் இல்லாதது குறையும் இல்லை. ஆனால் 135-ல் பூமி சுழல்வது இரண்டு மூன்று நொடிகளிலேயே தெரிந்துவிடும், நட்சத்திரத்தைப் பின்தொடரும் டிராக்கர் இல்லாமல் இந்த லென்ஸை வானத்துக்காக வாங்காதீர்கள்.

6. வந்ததும் சோதியுங்கள், திருப்பும் நாள் முடிவதற்குள்

தேர்ட் பார்ட்டி லென்ஸில் ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் வித்தியாசம் வரலாம். விலை குறைந்த பிராண்டில் இன்னும் கூடுதலாக. செங்கல் சுவரைப் படமெடுத்து மூலையை 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பதில் பலர் நாள் முழுவதும் செலவழிக்கிறார்கள். கேமரா சுவருக்கு ஒரு டிகிரி சாய்ந்து நின்றாலே அந்தச் சோதனை வீண். இதைச் செய்யுங்கள்: இரவில் தூரத்தில் தனியாக எரியும் ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து, முக்காலியில் கேமராவை வைத்து, துளையை முழுதாகத் திறந்து, நடுவில் வைத்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிப் பூட்டுங்கள். பிறகு கேமராவைத் திருப்பி அதே விளக்கை நான்கு மூலைகளிலும் கொண்டுவந்து ஒவ்வொரு படம். நான்கு மூலையிலும் புள்ளி ஒரே மாதிரி கெட்டுப்போயிருந்தால் லென்ஸின் இயல்பு அது, விட்டுவிடலாம். மூன்று மூலையில் சின்னப் புள்ளியாகவும் ஒன்றில் மட்டும் வால் முளைத்தும் இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகி உட்கார்ந்திருக்கிறது. மாற்றிக் கேளுங்கள், வாதாட வேண்டாம்.

ஃபோகஸை வேண்டுமென்றே கெடுத்து அதே விளக்கை எடுத்தால் பொக்கே வட்டம் (மங்கி விரிந்த ஒளி வட்டம்) தெரியும். மூலைகளில் வட்டம் பூனைக்கண் மாதிரி நீண்டிருப்பது எல்லா வேகமான லென்ஸிலும் வருவதுதான். வட்டத்துக்குள் வெங்காய வளையம் மாதிரி கோடுகள் தெரிந்தால் அது அச்சில் வார்த்த, கோள வடிவமல்லாத (ஆஸ்பெரிக்கல்) கண்ணாடியின் தடம். லேசாக இருந்தால் நிஜப் படங்களில் தெரியாது.

ஃபோகஸைச் சோதிக்க ஓர் ஆளை நிற்கவைத்து, கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதியை ஆன் செய்து, துளையை முழுதாகத் திறந்து இருபது முப்பது படம் எடுங்கள். முதலில் அசையாமல், பிறகு மெதுவாக உங்களை நோக்கி நடக்கச் சொல்லி. மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ் சென்சாரிலேயே அளக்கப்படுவதால், எப்போதும் காது மேலேயே ஃபோகஸ் விழும் அந்த டிஎஸ்எல்ஆர் காலத்து நோய் இங்கே அரிது. தவறும் படங்கள் ஒழுங்கில்லாமல் முன்னும் பின்னுமாக இருந்தால் புது ஃபர்ம்வேர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.

பழைய லென்ஸ் என்றால் துளையை முழுதாகத் திறந்து ஒரு டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். தூசி இருந்தால் போகட்டும். நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, தொடாதீர்கள்.

7. கேமராவில் மாற்ற வேண்டியவை

85-க்கும் 135-க்கும் எந்தக் கம்பெனியிலும் லென்ஸுக்குள் ஆட்டத் தடுப்பு பெரும்பாலும் இருக்காது. சிக்மாவின் 200 எஃப்2, 500 எஃப்5.6 போன்ற நீளமானவற்றில் உண்டு. அதனால் கேமரா உடலுக்குள் இருக்கும் ஆட்டத் தடுப்பான ஐபிஸ்தான் துணை. மேனுவல் லென்ஸ் மாட்டினால் கேமராவுக்கு என்ன லென்ஸ் என்று தெரியாது, மெனுவில் குவியத் தூரத்தை நீங்களே போட வேண்டும். 135 மாட்டிவிட்டு மெனுவில் 50 என்று இருந்தால் ஐபிஸ் தப்பான அளவில் ஆட்டும். லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கும் அமைப்பையும் ஆன் செய்யாவிட்டால் சில கேமராக்களில் படமே எடுக்காது. ஆட்டத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், எதிரில் நிற்பவரை நிறுத்தாது. மனிதர்களுக்கு 1/250-க்குக் கீழே போகாதீர்கள்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-ல் எஃப்1.4 வைத்தால் 1/12,800 அளவு ஷட்டர் தேவைப்படும். பல கேமராக்களில் மெக்கானிக்கல் ஷட்டர் 1/4,000 அல்லது 1/8,000-உடன் முடிந்துவிடும். எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போகலாம், வேகமாக அசைபவை சாய்ந்து பதியும். வெளிச்சத்தை எட்டில் ஒன்றாகக் குறைக்கும் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்றை வைத்துக்கொள்வது நிம்மதி.

பெரும்பாலான கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒன்று: ஷட்டரின் முதல் திரையை மட்டும் மின்னணுவாக இயக்கும் எலக்ட்ரானிக் ஃபிரண்ட் கர்ட்டன் என்ற அமைப்பு பல கேமராக்களில் ஆன் ஆகியே வரும். துளை பெரிதாகவும் ஷட்டர் 1/2,000-க்கு மேலும் இருக்கும்போது அது பொக்கே வட்டத்தின் ஒரு பக்கத்தை வெட்டிவிடும், வட்டங்கள் அரைவட்டமாக வரும், பின்னணி ஏனோ கரகரப்பாக இருக்கும். லென்ஸைத்தான் எல்லாரும் திட்டுவார்கள். வெயிலில் எடுக்கும்போது இதை அணைத்து முழு மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள், சில கேமராக்களில் வேகத்தைப் பார்த்துத் தானாக மாறும்படியும் வைக்கலாம்.

ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸில் வையுங்கள். நடுப்புள்ளியில் ஃபோகஸ் செய்துவிட்டுச் சட்டகத்தை நகர்த்தும் பழக்கம் எஃப்1.4-ல் ஒத்துவராது, நகர்த்தும்போதே அந்த நாலரை செ.மீ. கைவிட்டுப் போய்விடும். கண்ணைக் கேமராவே பிடிக்கட்டும், எந்தக் கண் என்பதை மட்டும் அருகில் உள்ளதாக நீங்கள் வையுங்கள்.

துளையை எப்போதும் முழுதாகத் திறந்தே வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒருவர் முகத்தை 45 டிகிரி திருப்பினால் அருகில் உள்ள கண்ணுக்கும் மற்றதற்கும் முன்பின்னாகச் சுமார் நாலரை செ.மீ. வித்தியாசம். 85-ல், 2 மீட்டரில், எஃப்1.4-ல் ஃபோகஸ் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்தே அவ்வளவுதான். முதல் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் பின்னால் இரண்டேகால் செ.மீ.தான் மிஞ்சும், இரண்டாவது கண் மங்கும். அதே இடத்தில் எஃப்2.8 வைத்தால் பின்னால் நாலரை செ.மீ. கிடைக்கும், இரண்டு கண்ணும் வந்துவிடும். நேராகப் பார்க்கும் முகத்துக்கு எஃப்1.4, திரும்பிய முகத்துக்கு எஃப்2.8, இரண்டு பேர் தோளோடு தோள் நின்றால் எஃப்4 என்று ஆரம்பித்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே திறந்துகொண்டு போங்கள்.